யாருக்கும் மறுப்பு இல்லையே?

கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்த பின்னர்தான் உண்மையான கூட்டம் தொடங்குகிறது என்பதை நாம் அறிவோம். பங்குப் பேரவையாயினும், ஆசிரியர் கூட்டமாயினும், கூட்டுறவுச் சங்கத்தின் பொதுக்குழுவாயினும் காட்சி ஒன்றுதான். உள்ளே தலைவர் ஒரு திட்டத்தை விளக்குகிறார்; "யாருக்கும் மறுப்பு இல்லையே?" என்று கேட்கிறார், தலைகள் அசைகின்றன, தீர்மானம் நிறைவேறுகிறது. வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, "இது நடக்கிற காரியமா?" என்று ஒருவர் தொடங்க, "எனக்கும் அப்போதே தோன்றியது" என்று நால்வர் சேர்ந்துகொள்கிறார்கள். பத்து நிமிடங்களுக்கு முன்னர் உள்ளே தலையசைத்தவர்களும் இவர்களே.

இவர்களைக் கோழைகள் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆனால், இவர்கள் வேறு யாருமல்லர்; நாமேதான். வீட்டிலும் நட்பிலும் மனத்தில் பட்டதைப் பேசத் தயங்காத நாம், ஒரு நிறுவனத்தின் உறுப்பினராக அமரும்போது மட்டும் ஏன் வாய் மூடுகிறோம்? அந்த மௌனத்துக்குப் பொறுப்பு யார்? பேசாதவரா, பேச இடம் தராதவரா? இவ்வினாவைச் சற்று நின்று சிந்திப்பது நலம்.

மனிதர் கூடி உழைக்கும்போது எவ்வாறு நடந்துகொள்கிறார்கள் என்பதை அருகிருந்து உற்றுநோக்கிய முன்னோடி முயற்சிகளுள் ஒன்று, அமெரிக்காவில் சிக்காகோ நகரை அடுத்திருந்த ஹாத்தார்ன் தொழிற்சாலையில் நடைபெற்றது. தொலைபேசிக் கருவிகள் செய்த அந்த ஆலையில், விளக்கொளியின் அளவுக்கும் உற்பத்திக்கும் உள்ள தொடர்பை அறிய 1924இல் தொடங்கிய ஆய்வு, படிப்படியாக மனிதரை ஆராய்வதாக வளர்ந்தது. அதன் இறுதிக் கட்டத்தில், 1931 நவம்பர் முதல் 1932 மே வரை, 14 ஆண் தொழிலாளர் ஒரு தனி அறையில் வேலை செய்ய, ஆய்வாளர் ஒருவர் அங்கேயே அமர்ந்து அவர்களைக் கவனித்து வந்தார்.

குழுவாக அதிகம் முடித்தால் அதிகக் கூலி என்பது நிர்வாகத்தின் ஏற்பாடு. ஆயினும், அந்த அறையில் எழுதப்படாத வேறொரு சட்டம் ஆட்சி செய்தது. ஒரு நாளைக்கு இவ்வளவு வேலை போதும் என்று குழுவே ஓர் அளவு வைத்திருந்தது. அதை மிஞ்சி உழைப்பவன் கெட்டவன்; மிகவும் குறைத்து உழைப்பவனும் கெட்டவன்; தோழனுக்குத் தீங்கு விளையும்படி மேலாளரிடம் எதையும் சொல்பவன் எல்லாரினும் கெட்டவன். மிஞ்சிப் போகிறவனின் மேற்கையில் தோழர்களே ஒரு குத்து விடுவார்கள். வலி பெரிதன்று, அதன் பொருள்தான் பெரிது.

இதைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. அது அமெரிக்காவைப் பொருளாதாரப் பெருமந்தம் வாட்டிய காலம். நாம் விரைந்து முடித்தால் கூலி வீதத்தைக் குறைத்துவிடுவார்களோ, தோழன் ஒருவன் வேலை இழப்பானோ என்ற அச்சம் அங்கே இருந்தது. மெதுவாய் உழைப்பவனைக் காப்பாற்றும் அன்பும் அந்தச் சட்டத்துக்குள் இருந்தது. நிறுவனம் என்பது வரைபடத்தில் காட்டப்படும் பதவிகளின் அடுக்கு மட்டுமன்று; தோழமையும் அச்சமும் மதிப்பும் பின்னிய உறவுகளின் வலை அது என்பதை உலகம் இத்தகைய ஆய்வுகளிலிருந்தே கற்றது. அந்த வலை நம்மைத் தாங்குகிறது. ஆனால், தாங்கும் வலையே சில வேளைகளில் வாயையும் கட்டிவிடுகிறது. தோழனுக்குத் துரோகம் செய்யாதே என்ற நல்ல சட்டம், ஒத்துப் போ, தனித்து நிற்காதே என்ற தீய சட்டமாக எந்தக் கணத்தில் மாறுகிறது என்பதை உள்ளே இருப்பவர் எளிதில் உணர்வதில்லை.

தொழிற்சாலையில் அந்தக் கட்டுக்கு விலை சில கருவிகளின் உற்பத்தி. வேறோர் இடத்தில் அதற்கு விலை ஏழு உயிர்கள்.

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் புறப்பட்ட 73 வினாடிகளில் சிதறியது. பள்ளி ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப் உள்ளிட்ட எழுவர் மாண்டனர். உந்து ராக்கெட்டின் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம் குளிரில் இறுகித் தன் வேலையைச் செய்யத் தவறியதே தொழில்நுட்பக் காரணம். ஆனால், அந்த வளையத்தைப் பற்றி அறிந்தவர்கள் முதல் நாள் இரவே எச்சரித்திருந்தார்கள் என்பதே நம்மை உறுத்தும் செய்தி.

ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தயோக்கல் நிறுவனத்தின் பொறியாளர்களுக்கும் நாசா அலுவலர்களுக்கும் இடையே ஜனவரி 27 இரவு தொலைபேசி வழியாக ஆலோசனை நடந்தது. வெப்பநிலை 12 டிகிரி செல்சியசுக்குக் கீழ் இருந்தால் ஏவவேண்டாம் என்பதே நிறுவனம் முதலில் தந்த பரிந்துரை. ரோஜர் பாய்ஜோலி என்ற பொறியாளர் ஆறு மாதங்களுக்கு முன்னரே இந்த ஆபத்தை எழுத்தில் தெரிவித்திருந்தார். நாசா அலுவலர்களோ அப்பரிந்துரையைக் கடுமையாக எதிர்த்தார்கள். உடனே நிறுவனத்தினர் ஐந்து நிமிட அவகாசம் கேட்டு இணைப்பைத் துண்டித்தார்கள். அது அரை மணி நேரமாக நீண்டது. அந்த வேளையில் மூத்த மேலாளர் ஒருவர், பொறியியல் துணைத்தலைவரைப் பார்த்து, பொறியாளரின் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகியின் தொப்பியை அணிந்துகொள்ளச் சொன்னார். நான்கு மேலாளர்கள் மட்டும் முடிவெடுத்தனர். பொறியாளர்களிடம் வாக்குக் கேட்கப்படவில்லை. மீண்டும் இணைப்புக் கிடைத்ததும், ஏவலாம் என்ற புதிய பரிந்துரை வாசிக்கப்பட்டது. யாருக்கேனும் மாறுபட்ட கருத்து உண்டா என்று நாசாவின் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டார். பதில் இல்லை. மறுநாள் ஓடம் புறப்பட்டபோது வெப்பநிலை ஏறத்தாழ 2 டிகிரி.

அந்த இறுதிக் கேள்வியும் அதைத் தொடர்ந்த மௌனமும் நமக்கு எவ்வளவு பழக்கமானவை! அங்கிருந்தவர்கள் கொலைகாரர்கள் அல்லர். விண்வெளி வீரர்களைச் சாகவிட வேண்டுமென்று ஒருவரும் எண்ணவில்லை. முந்தைய பயணங்களிலும் வளையம் அரிக்கப்பட்டிருந்தது. ஆயினும் ஓடம் திரும்பி வந்திருந்தது. ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் அந்தப் பழுது சற்றே இயல்பானதாகத் தோன்றத் தொடங்கியது. 1996இல் இதை விரிவாக ஆராய்ந்து நூல் எழுதிய சமூகவியலாளர் டயான் வான் சுட்டிக்காட்டியதும் இதுவே: விதியை மீறும் தீயவர்கள் அல்ல, மீறலே விதியாகிப் போன ஒரு பழக்கம். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா ஓடம் சிதறி மேலும் எழுவர் இறந்தபோது, விசாரணைக் குழு அதே நோயை மறுபடியும் கண்டது. ஆட்கள் மாறியிருந்தார்கள், பழக்கம் மாறவில்லை.

இனி நம் வினாவுக்கு வருவோம். பொறுப்பு யாருடையது?

எச்சரித்தவர்களுள் ஒருவரான பாப் எபலிங் என்ற பொறியாளர், அந்த எழுவரின் சாவுக்குத் தாமும் பொறுப்பு என்று முப்பது ஆண்டுகள் வருந்தினார். இந்தப் பணிக்குக் கடவுள் தம்மைத் தேர்ந்தது தவறு என்று 2016இல் ஒரு வானொலி நேர்காணலில் அவர் சொன்னார். அதைக் கேட்ட நூற்றுக்கணக்கானோர், நீங்கள் உங்கள் கடமையைச் செய்தீர்கள் என்று அவருக்கு எழுதினார்கள். ஓரளவு ஆறுதல் பெற்று, அதே ஆண்டு மார்ச்சில் தமது 89ஆம் வயதில் அவர் மறைந்தார். பேசியவருடைய மனச்சான்று முப்பது ஆண்டுகள் உறங்கவில்லை. இது நம்மை வெட்கப்பட வைக்க வேண்டும். ஏனெனில், நிறுவனத்தில் குற்றம் எல்லாருக்கும் பங்கிடப்படும்போது, ஒருவர் கையிலும் அது கனப்பதில்லை. மென்மையான உள்ளம் படைத்தவர் ஒருவரே முழுச் சுமையையும் சுமக்க நேரிடுகிறது.

உண்மை பேசுதல் தனிமனித அறம் என்றே நாம் சிறுவயது முதல் கற்பிக்கப்பட்டோம். அது சரியே, ஆனால் அது பாதி. ஒரு நிறுவனத்துக்குள் உண்மைக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை நிர்ணயிப்பவர் பேசுகிறவர் அல்லர், கேட்கிறவர். மறுத்துப் பேசியவரின் முகத்தைத் தலைவர் எப்படிப் பார்க்கிறார், அடுத்த குழுவில் அவர் பெயர் இருக்கிறதா என்பதை மற்றவர் எல்லாரும் கவனிக்கிறார்கள். ஒருவர் செலுத்திய விலையைப் பார்த்தே ஏனையோர் வாய் திறப்பதா, மூடுவதா என்று கணக்கிடுகிறார்கள். எனவே, கீழே இருப்பவரிடம் துணிவை எதிர்பார்ப்பதற்கு முன், மேலே இருப்பவர் அந்த விலையைக் குறைக்கக் கடமைப்பட்டவர். தம்மை இடித்துரைப்பாரைத் துணையாகக் கொள்ளாத அரசனுக்குப் பகைவரே தேவையில்லை என்ற கருத்தை வள்ளுவரும் வலியுறுத்தினார் அன்றோ!

எல்லாரும் எல்லாவற்றையும் மறுத்துக்கொண்டிருந்தால் எந்தக் காரியம் நடக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு ஆறாம் நூற்றாண்டிலேயே ஒரு விடை கிடைத்தது. நம் முன்னோர் ஆசீர்வாதப்பர் என்று அழைத்த புனித பெனடிக்ட் தம் துறவியருக்கு வகுத்த ஒழுங்கில், முக்கியமான காரியம் எதுவாயினும் மடத்தின் தலைவர் அனைவரையும் கூட்டி அவர்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்றார்; சிறந்ததை இறைவன் பல வேளைகளில் இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்பது அவர் கூறிய காரணம். கேட்டபின் முடிவெடுப்பவர் தலைவரே. முடிவுக்குப் பணிவது அனைவரின் கடமை. கேட்கப்பட்ட பின் பணிவது கீழ்ப்படிதல். கேட்கப்படும் முன்னரே அடங்கிவிடுவது வெறும் மௌனம். இரண்டும் ஒன்றல்ல.

ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலைகளில் இதே அறம் ஒரு கயிறாக உருப்பெற்றது. பழுதைக் கண்ட தொழிலாளர் எவரும் அந்தக் கயிற்றை இழுக்க முடிந்தது. உடனே உதவிக்கு ஆள் வந்தார். பழுது தீராவிடில் உற்பத்தி வரிசையே நின்றது. அங்கே தொழிலாளி வீரனாக இருக்க வேண்டியிருக்கவில்லை. கயிற்றை எட்டிப் பிடித்தாலே போதுமாயிருந்தது.

நம் கூட்டங்களில் அப்படியொரு கயிறு உண்டா? "மறுப்பு இல்லையே?" என்ற கேள்வியைச் சற்றே கூர்ந்து பார்ப்போம். அதன் இறுதியில் நிற்கும் ஏகாரத்திலேயே விடை அடங்கியிருக்கிறது. அது கேள்வியன்று, பணிவாகச் சொல்லப்பட்ட கட்டளை. அடுத்த கூட்டத்தில் நாம் தலைமை ஏற்க நேர்ந்தால், "இத்திட்டம் எங்கே தவறக்கூடும்? ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டுப் பார்ப்போம், இளையவரிடமிருந்து தொடங்குவோம், முதலில் மறுத்தவருக்கு எல்லார் முன்னிலையிலும் நன்றி சொல்வோம். நாம் தலைமை ஏற்காத கூட்டமாயின், செருப்பை மாட்டும்போது சொல்ல இருப்பதை, நாற்காலியை விட்டு எழுமுன் ஒரே வாக்கியத்திலாவது சொல்லிவிடுவோம்.