எஞ்சிய நீரும் எஞ்சாத கடமையும்

மனிதன் செய்த தீமைகளைக் கணக்கிட்டுக் கூறுதல் எளிது. அவன் செய்து முடிக்காமல் விட்டதனால் விளைந்த தீமைகளைக் கணக்கிடுதலே அரிது. கொலை, களவு, பொய் ஆகியவை குற்றமென்பதைக் குழந்தையும் அறியும். ஆனால் ஒரு வேலையைப் பெரும்பாகம் செய்துவிட்டு, மீதியை "இவ்வளவு போதும்" என்று விட்டு வீடு திரும்புகிறவனைக் குற்றவாளி என்று எவரும் கூறுவதில்லை. அவனும் தன்னை அவ்வாறு எண்ணுவதில்லை. இங்ஙனம் மீதியாக விடப்பட்டதற்கு மனிதன் பொறுப்பாளியா அல்லனா என்பதே இன்று நாம் ஆராயப் புகும் கேள்வி. ஆராய்ச்சி வெறும் வாய்ப்பேச்சாய்ப் போகாதிருக்கும் பொருட்டு, ஒரு பையின் மூலையில் தங்கிய தண்ணீரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

ஐக்கிய அமெரிக்காவின் வடபாகத்திலுள்ள மின்னசோட்டா மாநிலத்தை 10,000 ஏரிகளின் நாடு என்று அங்குள்ளோர் பெருமையோடு அழைப்பர். கோடைக்காலத்தில் விசைப்படகின் பின்னே கயிற்றைப் பற்றிப் பலகைமீது நின்று, படகு எழுப்பும் அலையில் சறுக்கிச் செல்வது அங்கு ஒரு விளையாட்டு. அலை பெரிதாக எழ வேண்டுமாயின் படகு நீரில் ஆழ்ந்து செல்ல வேண்டும். அதற்காகக் கனத்த பைகளைப் படகினுள் வைத்து, ஏரி நீரையே பம்பு கொண்டு அவற்றில் நிரப்புகின்றனர். கப்பற்காரர் பாலாஸ்ட் என்று சொல்லும் அடிபாரம் இதுவே. ஒவ்வொரு பையும் நூற்றுக்கணக்கான லிட்டர் கொள்ளும். விளையாட்டு முடிந்தபின் நீரை வெளியேற்றிப் படகை வண்டியிலேற்றி, மற்றொரு நாள் மற்றோர் ஏரியில் இறக்குகின்றனர்.

இதிற் பிழை யாதென்று கேட்கலாம். பம்பு காற்றை உறிஞ்சத் தொடங்கியதும் பை காலியாயிற்று என்று படகுக்காரர் எண்ணுகிறார். பை காலியாகவில்லை. அதன் மடிப்புகளிலும் மூலைகளிலும், குழாயின் வளைவுகளிலும் பல லிட்டர் நீர் தங்கிவிடுகிறது. அந்நீர் வெறும் நீரன்று. முதல் ஏரியின் உயிர்கள் அதில் பிரயாணம் செய்கின்றன.

அவ்வுயிர்களுள் ஒன்று வரிக்குதிரை மட்டி. விரல் நகத்தளவே வளரும் இச்சிறு சிப்பி கருங்கடல், காஸ்பியன் கடல் சார்ந்த நீர்நிலைகளுக்கு உரியது. மாகடல் தாண்டி வந்த கப்பல்களின் அடிபார நீரோடு வந்து, 1988-இல் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலுள்ள செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு பெண் மட்டி ஓராண்டில் லட்சக்கணக்கான முட்டைகளை இடவல்லது. அதன் குஞ்சுகளோ பூதக்கண்ணாடிக்கே புலப்படுவன. பல நாட்கள் நீரில் மிதந்து திரிந்தபின் நூல் போன்ற இழைகளால் கல், குழாய், படகு எதையும் பற்றிக்கொள்கின்றன. நாட்டுச் சிப்பிகளின் ஓட்டின்மீதே திரளாக ஒட்டிக்கொண்டு அவற்றை மாய்க்கின்றன. நீரிலுள்ள நுண்ணிய இரையை வடித்து உண்பதால் மீன்குஞ்சுகளுக்கு உணவில்லாமற் போகிறது. ஏரி தெளிந்து அழகாகத் தோன்றும். அத்தெளிவு பட்டினியின் தெளிவு. 1989-இல் மிச்சிகன் மாநிலத்து மன்றோ நகரில் இவை குடிநீர்க் குழாயை அடைத்து, ஊரார் நீரின்றித் தவிக்கும்படி செய்தன. இவற்றுக்கு நெருங்கிய இனமான குவாகா மட்டி 2007-இல் மேற்கே வெகு தொலைவிலுள்ள மீட் ஏரியில் காணப்பட்டது. இடையே மலைகளும் பாலைகளும் கிடக்கின்றன. மட்டிக்குக் காலுமில்லை, சிறகுமில்லை. வண்டியேறிச் சென்ற படகே அதைக் கொண்டு சென்றிருக்க வேண்டும் என்பது அறிஞர் கருத்து.

இனி, இதைத் தடுக்கச் செய்ய வேண்டியது என்ன? கரையேறும் சரிவில் படகின் முன்பாகத்தை உயர்த்தி, அடி அடைப்பானைக் கழற்ற வேண்டும். பையை மறுமுனையிலிருந்து கையால் தூக்கிச் சுருட்டி, எஞ்சிய நீரைக் குழாயின் வாய்க்குத் தள்ளி மீண்டும் இறைக்க வேண்டும். பிறகு ஐந்து நாட்களேனும் உலரவிட வேண்டும். அதற்குள் வேறு ஏரிக்குச் செல்வதாயின் 60 டிகிரி வெந்நீரால் கழுவ வேண்டும். இதற்குப் பெரும் பொருளும் வேண்டா. பெரும் புலமையும் வேண்டா. குனிந்து நிமிரும் சிரமம் ஒன்றே வேண்டும். எனினும், அந்த ஒன்றைத் தவிர்க்க மனிதன் மூன்று சமாதானங்களைக் கூறுகிறான்.

முதலாவது, "ஒரு குடம் நீர் ஓர் ஏரியை என்ன செய்துவிடும்?" என்பது. நமது வீடுகளில் ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதும் என்பார்கள். ஆனால் இங்கு விஷயம் அதனினும் பெரிது. விஷத்துளி ஒரு துளியாகவே இருக்கும், உயிர் பெருகும். சிறு துளி பெருவெள்ளம் என்று சேமிப்புக்குச் சொன்ன பழமொழி கேட்டுக்கும் பொருந்துமென்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இரண்டாவது, "நான் மட்டுமா செய்கிறேன்? ஊரெல்லாம் அப்படித்தானே" என்பது. பலர் சேர்ந்து சுமந்தால் பாரம் குறையும் என்பது மரக்கட்டைக்குப் பொருந்தும், பழிக்குப் பொருந்தாது. ஆயிரம் பேர் ஒரே தவற்றைச் செய்தால் அது ஆயிரம் தவறாகுமேயன்றி ஆயிரத்தில் ஒரு பங்காகாது. மேலும் கேடு வருவதற்கு ஆயிரம் படகும் வேண்டுவதில்லை. ஒன்றே போதும். அந்த ஒன்று எதுவென்று எவருக்கும் தெரியாது. தெரியாது என்பதே ஒவ்வொருவனும் தன்னை அந்த ஒருவனாகக் கருதிக்கொள்ள வேண்டியதற்குக் காரணம்.

மூன்றாவது, "கண்ணுக்குத் தெரியாததற்கு நான் எப்படிப் பொறுப்பு?" என்பது. இதற்கு விடை கூறுமுன் நமது சமூகத்தையே சிறிது நோக்குவோம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு அஞ்சுவதில் நம்மவரை மிஞ்சியவர் உண்டோ? தீட்டு என்ற ஒன்றை எவனும் கண்டதில்லை. எந்தக் கண்ணாடியும் காட்டியதில்லை. ஆயினும் அதன் பெயரால் மனிதனை மனிதன் தொடாது விலக்கினோம், குளத்தை மூடினோம், கிணற்றைப் பூட்டினோம், தேநீர்க்கடையில் தனிக்குவளை வைத்தோம். தாகத்தோடு வந்தவனின் கை பட்டால் நீர் கெடுமென்று நம்பிய அதே மக்கள், அக்குளத்திலேயே ஊர் அழுக்கையெல்லாம் கலந்து, அதனைப் பருகி, பேதி கண்டு மாண்டனர். இல்லாத அசுத்தத்துக்கு அஞ்சி, உள்ள அசுத்தத்தை வரவேற்ற கதை நம்முடையது.

பகுத்தறிவு கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் மறுப்பதன்று. சான்றுள்ளதையும் சான்றில்லாததையும் பிரித்தறிவதே பகுத்தறிவு. மட்டிக்குஞ்சை எந்நாட்டானும், எச்சாதியானும், எம்மதத்தானும் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துக் காணலாம். தீட்டைக் காண அதில் நம்பிக்கை கொண்டவனின் கண் வேண்டும். தீட்டு பிறரை விலக்கச் சொல்லுகிறது. அறிவோ நம் கையிலுள்ள பையைப் பிழியச் சொல்லுகிறது. முன்னது அயலானைக் குற்றவாளியாக்கும். பின்னது நம்மைப் பொறுப்பாளியாக்கும். ஆகவேதான் முன்னது இனித்தது, பின்னது கசக்கிறது.

இவ்விடத்தில் நண்பரொருவர் நம்மை மடக்கக்கூடும். "அயல்நாட்டு உயிர் கேடு என்கிறீர்களே, கடல் கடந்து வந்த நாமும் அயலாரன்றோ? இவ்வாதம் நமக்கே எதிராகத் திரும்பாதோ?" என்று. நல்ல கேள்வி. நாம் முதுகில் பால் வாளி சுமக்க வந்தோம். நாம் சீவிய மரமும் அயல்நாட்டு மரமே. 1876-இல் பிரேசிலிலிருந்து இலண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்ட ரப்பர் விதைகளின் வழிவந்த கன்றுகள் 22, 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. இந்நாட்டின் தோட்டங்கள் அதன்பின் எழுந்தவை. வந்ததென்பது ஒருபோதும் குற்றமன்று. மனிதன் எங்குச் சென்றாலும் தன் செயலுக்குக் காரணம் கேட்கலாம், அவன் விடை சொல்வான், தவறினால் திருத்திக்கொள்வான். மட்டியை அங்ஙனம் கேட்க முடியுமா? அதன்மீது நமக்குப் பகையில்லை. அது தன் இயல்பில் வாழ்கிறது. கேள்வி கேட்கத்தக்கவன் அதனைச் சுமந்து சென்றும், சுமந்ததை அறிய மறுத்த மனிதனே. மனிதரை மட்டிக்கும் களைக்கும் ஒப்பிட்டுப் பேசுவோர் அறிவியலையும் அறியார், அறத்தையும் அறியார்.

ரப்பர் மரத்தின் கதையில் மற்றொரு பாடமும் உண்டு. தென்னமெரிக்காவில் அம்மரத்தின் இலையை அழிக்கும் ஒரு பூஞ்சணநோய் இருக்கிறது. 1928-இல் ஹென்றி போர்டு என்னும் செல்வர் பிரேசில் காட்டில் போர்ட்லாண்டியா என்ற பெருந்தோட்டத்தைத் தொடங்கினார். இந்நோய் அத்தோட்டத்தை வாட்டிற்று; 1945-இல் அது கைவிடப்பட்டது. அந்நோய் ஆசியத் தோட்டங்களில் இன்றளவும் பரவவில்லை. தற்செயல் மட்டும் இதற்குக் காரணமன்று. அங்கிருந்து வரும் செடி, விதை, மண் ஆகியவற்றைத் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் சோதித்துத் தடுத்தவர்கள் உண்டு. முகமறியாத எவரோ தம் காலணியின் சேற்றைக் கழுவிவிட்டு விமானமேறினார். அதனால் நமது பாட்டனும் தந்தையும் அடுத்த நாளும் பால் எடுத்தனர். நாம் உண்ட சோற்றில் அம்மனிதரின் கவனமும் கலந்திருந்தது. அவருக்கு நாம் எவ்வாறு கைம்மாறு செய்வது? முகமறியாத வேறொருவருக்கு அதே கவனத்தைச் செலுத்துவதொன்றே வழி.

சட்டம் இல்லையா எனின், உண்டு. கப்பல்களின் அடிபார நீரைப் பற்றி 2004-இல் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. அது 2017-இல் நடைமுறைக்கு வந்தது. மின்னசோட்டாவிலும் படகை வண்டியிலேற்றிச் செல்கையில் அடைப்பானைக் கழற்றி நீரை வடித்திருக்க வேண்டுமென்பது சட்டம். ஆனால் சட்டம் படகுத்துறை வரை வரும். பையின் மடிப்புக்குள் வராது. அதிகாரி அடைப்பானைப் பார்ப்பார். மூலையில் தங்கியதைப் படகுக்காரன் மனமே பார்க்க வேண்டும். காவலன் கண்ணுக்கு அஞ்சி நடப்பது ஒழுங்கு. எவர் கண்ணும் எட்டாத இடத்தில் நடப்பதே ஒழுக்கம்.

இவையெல்லாம் எங்கோ இருக்கும் ஏரிக்கதை என்று வாசகர்கள் தள்ளிவிட வேண்டா. 2016-இல் தென்னமெரிக்க மட்டியொன்று சிங்கப்பூரின் வடகரையில் காணப்பட்டது. ஜொகூர் நீரிணையில் பெருகிற்று. கடலே வேண்டா, நமது வாசலுக்கு வருவோம். பூந்தொட்டியின் தட்டில் தேங்கும் ஒரு கரண்டி நீர், தோட்டத்தில் கவிழ்க்காது விட்ட பால் கோப்பையில் தங்கும் மழைநீர், கொல்லையில் கிடக்கும் பழைய டயரின் வளைவில் நிற்கும் நீர் ஆகியவை ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டிலாகின்றன. அங்குப் பிறந்த கொசு நம் வீட்டுப் பிள்ளையையே கடிக்கும் என்ற நியதியில்லை. அண்டை வீட்டுப் பிள்ளையைக் கடிக்கலாம். டெங்கிக் காய்ச்சலில் அப்பிள்ளை கிடக்கும்போது நாம் ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு நலம் விசாரிக்கச் செல்வோம். அந்நோயை அனுப்பியது நமது தட்டு என்பதை நாமும் அறியோம், அவ்வீட்டாரும் அறியார். அறியாமையால் குற்றம் மறையலாம், நோய் மறையாது.

ஆதலின் நாம் தொடங்கிய கேள்விக்கு விடை இது. எஞ்சியதற்கும் மனிதன் பொறுப்பாளியே. எஞ்சும் என்று அறிந்த நாள்முதல் அவன் பொறுப்பாளி. அறிய வாய்ப்பிருந்தும் அறிய மறுத்தால் அப்போதும் பொறுப்பாளி. வாசகர்களே! இவ்வேட்டை மூடிவைத்துவிட்டு எழுந்து, வீட்டின் பின்புறம் ஒருமுறை சென்று பாருங்கள். கவிழ்க்க வேண்டிய பாத்திரம் ஏதேனும் அங்குக் காத்திருக்கும்.