மூத்தவரின் பங்கு

புதிய பிள்ளைகளின் பெயரை இடாப்பில் பதியும்போது, "வீட்டில் நீ எத்தனையாவது?" என்றும் கேட்பேன். இடாப்பில் அதற்கு இடமில்லை. அது என் பழக்கம். மூத்தவன் என்றால் வலை எப்போது இழுத்துக்கொள்ளுமோ என்று பயப்படுவேன். கடைக்குட்டி என்றால் உயர்தரம் வரை வருவான் என நம்புவேன். ஆசிரியன் இப்படி எண்ணுவது தவறுதான்.

பிள்ளைகள் பலராவதே வறுமைக்குக் காரணம் என்போர் நம்மிடையே உண்டு. நோர்வே மக்கள் அனைவரின் பதிவுகளையும் கொண்டு பிளாக், டெவரோ, சல்வனஸ் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு வேறுவிதமாகச் சொல்கிறது. பிறப்பு வரிசையைக் கணக்கில் எடுத்தால், எண்ணிக்கை கல்வியைப் பாதிப்பது ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. அங்கே பின்னால் பிறந்தவர்களே கல்வியிலும் வருமானத்திலும் பின்தங்குகிறார்கள். பிரேசிலில் 2008இல் வெளியான ஆய்வோ, மூத்த ஆண்பிள்ளைகளே பள்ளிக்குப் போவது குறைவு என்கிறது. ஆக, வரிசைக்கென்று தனி விதி இல்லை. வீட்டில் காசு எப்போது தீர்ந்தது, அப்போது கூலிக்குப் போகும் வயதில் நின்றது யார் என்பதே கேள்வி.

எங்கள் வீட்டில் நின்றது நானா. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து படகில் கற்பிட்டிக்கு வந்தோம். ஏழு பிள்ளைகள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நானா வெங்காயத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனார். பிறகு வள்ளம், பிறகு சவூதி. அந்தக் காசில் இரண்டு ராத்தாமார் கரைசேர்ந்தார்கள். நான் கலாசாலை வரை போனேன். இன்று எனக்கு ஓய்வூதியம் காத்திருக்கிறது. அவருக்கு முழங்கால் வலி.

2009இல் போர் முடிந்தபின் ஊர் திரும்பினோம். வாப்பா மௌத்தானதும் காணியைப் பிரிக்கும் பேச்சு வந்தது. நமது வாரிசுரிமைச் சட்டத்தில் ஆண்மக்களுக்குள் மூத்தவன், இளையவன் என்ற பேதமில்லை. அது நீதிதான், மூத்தவனுக்கே நிலம் என்றிருந்த பழைய இங்கிலாந்தில் தம்பிமார் பட்ட பாட்டை நினைத்தால் போதும். ஆனால் சட்டம் பிரிப்பது வாப்பா விட்டுப்போனதை மட்டுமே. நானா எங்களுக்குள் போட்ட முதல் அதற்குள் வராது.

என் பங்கை அவருக்கே விடுகிறேன் என்றேன். கொழும்பிலிருக்கும் தம்பி மறுத்தான்: "நாங்க கேட்டா அவர் படிக்க வெச்சார்?"

கேட்காமல் பெற்றதற்குக் கடனில்லை என்றால், சிறுவயதில் பெற்ற எதற்குமே கடனில்லை என்றாகிவிடும். தம்பியிடம் இதைச் சொன்னேன். அவன் கோபித்துக்கொண்டான். நானாவோ என்னைத்தான் ஏசினார்: "வாப்பாட காணியப் பிரிக்கிற நேரத்தில ஏன்டா என்ட கணக்க இழுக்கிறாய்?"

உறுதி இன்னும் எழுதப்படவில்லை.