பிணை நின்றவர்



தாலந்து உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதில் நாம் அதிகம் கவனியாத ஓர் இடம் உண்டு. தாலந்தை மண்ணிலே புதைத்துவைத்த ஊழியனை எசமான் கண்டிக்கிறார். வியாபாரம் செய்யத் தெரியாவிட்டால், காசை வட்டிக்குக் கொடுப்போரிடமாவது போட்டுவைத்திருக்கலாமே என்று கேட்கிறார். காசைப் பிறர் கையில் நம்பி ஒப்படைக்கும் வழக்கத்தை ஆண்டவர் இங்கே குறையாகச் சொல்லவில்லை. நம்பாமல் புதைத்தவனையே குறை சொன்னார்.

நல்லது. ஆனால் நம்பி ஒப்படைத்த இடமே கதவைச் சாத்திவிட்டால் என்ன செய்வது? உவமை அதுபற்றிப் பேசவில்லை. நமது நாட்டின் சரித்திரம் பேசுகிறது.

வங்கியில் போட்ட காசு, நம் பெயர் எழுதிய பொட்டலமாக இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது என்று எண்ணுவோர் இன்றும் உண்டு. அப்படியல்ல. ஓர் ஆசிரியை மாதாமாதம் போட்ட சேமிப்பிலிருந்துதான் ஒரு சம்மாட்டி வள்ளத்துக்கு இயந்திரம் வாங்கக் கடன் பெறுகிறார். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவரின் சேமலாப நிதிதான் இன்னொருவரின் வீட்டுக்குக் கூரையாகிறது. பெட்டியில் இருப்பது கொஞ்சமே. எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையின் மேல்தான் எந்த வங்கியும் நிற்கிறது. நல்ல வங்கியும் அப்படித்தான். எல்லோரும் ஒரே நாளில் வந்துவிட்டால் நல்ல வங்கியும் விழும்.

2008ஆம் ஆண்டு மார்கழி மாதத்தை நினைத்துப் பாருங்கள். செலிங்கோ குழுமத்தைச் சேர்ந்த ‘கோல்டன் கீ’ என்ற கடனட்டைக் கம்பனி முறிந்தது. மக்களிடம் வைப்புப் பணம் வாங்க மத்திய வங்கியின் அனுமதி அதற்கு இருக்கவில்லை. ஆயினும் வங்கிகள் கொடுக்காத பெரிய வட்டியைக் காட்டி வாங்கியது. சுமார் 2,600 கோடி ரூபா அதில் அகப்பட்டுக்கொண்டது. செலான் வங்கியும் அதே குழுமத்தோடு தொடர்புடையது. ஆகவே பயம் ஒரு வீட்டுத் தீ அடுத்த வீட்டுக் கூரைக்குத் தாவுவதுபோல் அங்கே தாவியது. சேமிப்புப் புத்தகத்தோடு மக்கள் வரிசையில் நின்றார்கள்.

வரிசையில் நின்றவர்களைக் கண்டிக்க நான் வரவில்லை. மகளின் கலியாணத்துக்கு வைத்த காசு போய்விடுமோ என்று பதைக்கும் தாயைப் பார்த்து ‘உனக்கு விசுவாசம் குறைவு’ என்று சொல்வது குருவானவருக்கும் அழகல்ல. வங்கியின் மேல் வைக்கும் நம்பிக்கை வேறு, இறைவனில் வைக்கும் விசுவாசம் வேறு.

ஆனால் அப்படிப்பட்ட வரிசையில் யார் முன்னே நிற்கிறார், யார் பின்னே நிற்கிறார் என்பதை நாம் பார்க்கத்தான் வேண்டும். உள்ளே வேலை செய்யும் உறவினர் காதோடு சொன்னதால் முதல்நாளே எடுத்துக்கொண்டவர் வரிசைக்கே வரமாட்டார். பட்டினத்துக்குள் இருப்பவர் காலையிலே வருவார். அக்காலத்தில் கிண்ணியாவிலிருந்து பாதையேறியும் மூதூரிலிருந்து படகேறியும் திருகோணமலைக்கு வரவேண்டியிருந்தது. அங்கிருந்து ஒரு விதவை வந்து சேரும்போது வெயில் ஏறியிருக்கும். கடலுக்குப் போனவர் கரைக்கு வந்த பின்தான் கதையையே கேட்பார். ஓட்டம் என்று வந்துவிட்டால் கால் வலுத்தவனுக்கே காசு. இது எந்த வங்கியிலும் எந்த ஊரிலும் மாறாது.

இதற்கு என்ன பரிகாரம்? ஓடாதே என்று சொல்லி ஓட்டத்தை நிறுத்த முடியாது. எல்லோருக்கும் முன்னே ஒருவர் வந்து, ‘இதற்கு நான் பொறுப்பு’ என்று சொன்னால்தான் நிற்கும்.

1884ஆம் ஆண்டு இந்தத் தீவில் அது நடந்தது. கோப்பிச் செடியைப் பூஞ்சண நோய் அழித்துக்கொண்டிருந்த காலம். தோட்டக்காரருக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி அவ்வாண்டு வைகாசியில் முறிந்தது. அந்நாளில் மக்கள் கையில் புழங்கிய நோட்டுகளை வங்கிகளே அச்சிட்டன. ஒரே நாளில் கூலிக்காரன் மடியில் இருந்த நோட்டு வெறுங் காகிதமாகும் நிலை. தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கம் பிணை என்று அறிவித்தார், கலக்கம் அடங்கியது. அதன் பின்னரே இலங்கை அரசாங்கம் தானே நோட்டு வெளியிடத் தொடங்கியது. 2008இலும் மத்திய வங்கி தலையிட்டு, செலான் வங்கியின் நிர்வாகத்தை அரசின் இலங்கை வங்கியிடம் ஒப்படைத்தது. வரிசை கலைந்தது. செலான் வங்கி பிழைத்துக்கொண்டது. கோல்டன் கீயில் போட்டவர்களுக்கோ அப்படி முன்வந்து நிற்க ஒருவருமில்லை. அவர்கள் நீண்டகாலம் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கினார்கள்.

கேரளத்திலே, கத்தோலிக்கக் குடும்பங்கள் செறிந்து வாழும் பாலாய் என்ற ஊரில் 1927இல் தொடங்கிய பாலாய் சென்ட்ரல் வங்கிக்கும் இவ்வாறே பிணை கிடைக்கவில்லை. வைப்பாளர்கள் பெருந்தொகையை மீளப்பெற்றுக்கொண்டிருந்தபோது, ரிசர்வ் வங்கியின் மனுவின்பேரில் 1960 ஆகஸ்டு 8ஆம் திகதி அதை மூடுவதற்கான நடவடிக்கை கேரள உயர் நீதிமன்றத்தில் தொடங்கியது. மூடினால் பயம் தீரும் என்று எண்ணினார்களோ என்னவோ, பயம் மற்ற வங்கிகளுக்குப் பரவியது. அந்த அடிக்குப் பிறகே 1962இல் இந்தியாவில் வைப்புக் காப்புறுதி வந்தது. ஓர் ஆளுக்கு 1,500 ரூபா வரை. நம் நாட்டில் அத்தகைய ஏற்பாடு 2010 ஒக்டோபரில்தான் கட்டாயமாயிற்று. இரண்டு இலட்சத்தில் தொடங்கிய எல்லை 2021இல் பதினொரு இலட்சமாக உயர்ந்தது. மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கிகளுக்கும் நிதிக் கம்பனிகளுக்குமே இது பொருந்தும். காசைக் கொடுக்குமுன் அந்த அனுமதி உண்டா என்று கேட்டறிவது அவநம்பிக்கையல்ல, விவேகம்.

பிணை என்ற சொல் நமக்குப் புதிதல்ல. கடன் விண்ணப்பத்தில் பிணைக் கையெழுத்துக்காக எத்தனை வீட்டுப் படலையில் நின்றிருக்கிறோம்! வேதாகமத்திலும் அச்சொல் உண்டு. அந்நியனுக்காகப் பிணை நின்று அகப்பட்டுக்கொள்ளாதே என்று பழமொழி ஆகமம் எச்சரிக்கிறது. அது நல்ல புத்தி. கையெழுத்துப் போட்டுவிட்டு, தன் சம்பளத்திலிருந்து வேறொருவன் கடனைக் கட்டிக்கொண்டிருக்கும் தகப்பன்மார் நமது பங்குகளிலும் உண்டு.

ஆயினும் அதே வேதாகமத்தில், ஆதியாகமத்தில், யூதாவைப் பாருங்கள். பஞ்சகாலம். தானியம் வாங்க எகிப்துக்குப் போகவேண்டும்; இளையவன் பெஞ்சமினைக் கொண்டுவராமல் தானியம் இல்லை என்று சொல்லியாயிற்று. தகப்பன் யாக்கோபு பிள்ளையை விடமாட்டேன் என்கிறார். மூத்தவன் ரூபன், தவறினால் என் இரு பிள்ளைகளையும் கொன்றுபோடும் என்கிறான். மற்றவரின் உயிரைப் பணயம் வைக்கும் பேச்சு அது, கிழவர் அசையவில்லை. யூதாவோ, இவனுக்கு நானே பிணை, என் கையிலே கேளும் என்கிறான். தகப்பன் சம்மதிக்கிறார். இந்த யூதா யார்? முன்னொரு நாள் தம்பி யோசேப்பை இருபது வெள்ளிக்காசுக்கு விற்றுவிடுவோம் என்று யோசனை சொன்னவன். எகிப்திலே சோதனை வந்தபோது அவன் சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்கவில்லை. பையனை விடும், நான் அடிமையாக இருக்கிறேன் என்று முன்னே வந்து நின்றான். அந்தக் கோத்திரத்தில்தான் நம் ஆண்டவர் பிறந்தார். எபிரேயருக்கு எழுதிய நிருபம் அவரை மேலான உடன்படிக்கையின் பிணையாளர் என்றே அழைக்கிறது. நாம் கட்டவேண்டியதை அவர் கட்டினார்; எதைக் கொடுத்துக் கட்டினார் என்பதைப் பீடத்தின் மேலுள்ள பாடுபட்ட சுரூபம் ஒவ்வொரு ஞாயிறும் காட்டுகிறது.

ஆகவே சிலரிடம் தனியாகப் பேச விரும்புகிறேன். பெரிய வட்டி தரும் கம்பனிகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்துத் தரகு வாங்கும் பிள்ளைகளே, கோயில் வாசலில் ‘பயப்படாதேங்கோ அக்கா, நான் இருக்கிறன்தானே’ என்று நீங்கள் சொன்ன அந்த நேரமே பிணை நின்றுவிட்டீர்கள். கம்பனி முறிந்தபின் ‘எனக்கும் போச்சு’ என்று சொல்லித் தப்ப முடியாது. வாங்கிய தரகையாவது இழந்தவர்களிடம் திருப்பிக் கொடுப்பது பாவசங்கீர்த்தனத்துக்கு முன் செய்யவேண்டிய வேலை. முதல்நாளே செய்தி அறிந்து தன் காசை மட்டும் எடுத்தவரும் மனச்சாட்சியைச் சோதிக்கட்டும். எடுத்தது உங்கள் காசுதான். அடுத்த வீட்டுக் கிழவிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமா என்பதே கேள்வி.

இழந்த குடும்பங்கள் ஒவ்வொரு பங்கிலும் இருக்கக்கூடும். வெளியே சொல்ல வெட்கம். பேராசைக்காரர் என்று பேச்சு வரும் என்ற பயம். சிலருக்கு ஆசைதான். அநேகருக்கோ பிள்ளையின் படிப்பு, சீதனம், வைத்தியச் செலவு. அவர்களை வின்சென்ட் டி போல் சபையார் தேடிப் போகவேண்டும், அவர்களாக வரமாட்டார்கள். தவணைப் பணத்துக்குத் தவிக்கும் வீட்டுக்கு இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஆறு மாதத்துக்குக் கைகொடுக்கலாம். எவ்வளவு, எத்தனை மாதம் என்று முன்பே எண்ணி, தங்களால் கட்டக்கூடிய தொகைக்கு மட்டும் கையெழுத்திடட்டும். அந்தக் கணக்கைக் கோயில் முற்றத்தில் பேசவேண்டாம்.