நின்ற இடத்திலேயே நில் என்பது யார் நீதி?

நாற்பதாண்டு வாழ்ந்துவிட்ட ஒருவன், பழகிய தொழிலைக் கைவிட்டுப் புதிய தொழில் பயிலலாமா? பிறந்த மண்ணை விட்டுப் பிற நாட்டில் குடியேறலாமா? அப்படிச் செய்வது அறமா, அறம் தவறுவதா?

திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் இக்கேள்வி இன்று வீட்டுத் திண்ணைகளில் எழுகிறது. இருபது வயது இளைஞன் சிங்கப்பூருக்கு விமானமேறினால், ‘பிழைக்கத் தெரிந்த பிள்ளை’ என்று சுற்றம் பாராட்டுகிறது. நாற்பத்திரண்டு வயதுக்காரன் பெட்டியைக் கட்டினாலோ, ‘இந்த வயதில் இது எதற்கு? இருப்பதை வைத்துக்கொண்டு இருக்கக்கூடாதா? தலையில் எழுதியதுதானே கிடைக்கும்!’ என்று அதே சுற்றம் அங்கலாய்க்கிறது.

சனி இடம் பெயரலாம்; குரு இடம் பெயரலாம்; அந்தப் பெயர்ச்சிகளுக்குப் பூசை உண்டு, பரிகாரம் உண்டு, பத்திரிகையில் பக்கம் பக்கமாகப் பலன் உண்டு. மனிதன் மட்டும் பெயரக்கூடாதாம்! என்னே விந்தை!

தோழர்களே! கேள்வி வயதைப் பற்றியது போலத் தோன்றும். அதன் வேரோ வயதில் இல்லை. ‘நின்ற இடத்திலேயே நில்’ என்று ஆயிரமாண்டுக் காலமாக நம் காதில் ஓதப்பட்ட உபதேசத்தில் இருக்கிறது. ஓதியவர் யார், ஓதியது எதற்காக என்று பார்ப்பதே பகுத்தறிவாளன் கடமை.

மனுநீதியின் பத்தாம் அத்தியாயத்தைப் புரட்டுங்கள். 96ஆவது சுலோகம் கூறுவது இது: தாழ்ந்த பிறப்பினன் எனப்பட்டவன் ஆசையால் உயர்ந்தோரின் தொழிலைச் செய்து பிழைத்தால், அரசன் அவன் பொருளைப் பறித்து, அவனை நாட்டை விட்டே துரத்த வேண்டும். கவனித்தீர்களா? அங்கே தொழில் மாறுவது குற்றம்; நாடு மாறுவது அதற்குத் தண்டனை! மூன்றாம் அத்தியாயத்தின் 158ஆவது சுலோகமோ, கடற்பயணம் செய்பவனைச் சிராத்தத்துக்கு அழைக்காதே என்கிறது. வீட்டுக்குத் தீ வைப்பவன், நஞ்சிடுபவன் ஆகியோர் நிற்கும் வரிசையிலேயே கப்பலேறியவனையும் நிறுத்துகிறது. சாதியை இழக்கச் செய்யும் பாவங்களைப் பட்டியலிட்ட போதாயன தருமசூத்திரமும் கடற்பயணத்தை அதில் சேர்த்தது. தன் தொழிலில் செத்தாலும் சாகலாம், பிறர் தொழிலைத் தொடக்கூடாது என்று கீதையும் பாடம் நடத்தியது.

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ண வேண்டா. 1953ஆம் ஆண்டில், சென்னை மாநிலத்தில், இராசகோபாலாச்சாரியார் முதலமைச்சராக இருந்தபோது வந்த கல்வித் திட்டம் என்ன சொல்லிற்று? கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பாதி வேளை பாடம். மீதி வேளையில் வீட்டுத் தொழில். சவரக்காரர் மகன் கத்தியைத் தீட்டுவான், வண்ணார் மகன் வெள்ளாவி வைப்பான், குயவர் மகன் சக்கரம் சுற்றுவான். ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெயர் சூட்டி நாடு கொதித்தெழுந்தது. 1954இல் காமராசர் பொறுப்பேற்றதும் அத்திட்டம் குழியில் இறக்கப்பட்டது. குழி மூடப்பட்டது, அதிலிருந்த கருத்து மட்டும் இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது. நாற்பது வயதுக்காரனைப் பார்த்து ‘உனக்கு எதற்கு?’ என்று கேட்பது அந்த மூச்சுதான்.

தமிழன் வரலாறு இதற்கு நேர்மாறானது. எகிப்து நாட்டின் செங்கடல் துறைமுகமான குசேர் அல் காதிமில் கிடைத்த பானை ஓடுகளில், தமிழி எழுத்தில் கண்ணன் என்றும் சாத்தன் என்றும் பெயர்கள் காணப்படுகின்றன. தாய்லாந்தில் ஒரு பொற்கொல்லரின் உரைகல் கிடைத்திருக்கிறது. பெரும்பதன் என்பவருக்குரிய கல் என்று அதில் தமிழில் பொறித்திருக்கிறது. பொன்னை உரைத்துப் பார்க்கும் கல்லையும் தன் மொழியையும் சுமந்துகொண்டு கடல் கடந்த கைவினைஞன் அவன். எந்தச் சுலோகம் அவனைத் தடுத்து நிறுத்திற்று?

சுலோகங்களை விடுங்கள், திருவரங்கத்துச் செய்தியையே கேளுங்கள். டில்லி சுல்தானின் படை வந்தபோது, 1323 அளவில், அரங்கநாதரின் உற்சவ விக்கிரகம் ஊரை விட்டு வெளியேறியது. பல ஊர்களில் அலைந்து, திருப்பதியில் தங்கி, 1371இல்தான் திரும்பியது. இதைச் சொல்வது நாமல்லோம். அக்கோயிலின் வரலாறு கூறும் கோயிலொழுகு சொல்கிறது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அரங்கரே அயலூர்வாசி! ஆபத்து வந்தபோது ஆண்டவனுக்கே இடம் மாற்றம் தேவைப்பட்டது. தூக்கிச் சென்றவர்களோ மனிதர்கள். அதே ஊரில் வறுமை வந்து வாட்டும்போது மனிதன் இடம் மாறினால் மட்டும் வம்பளப்பா?

அதே தீவில், திருவானைக்காவலில், 1888இல் பிறந்தவர் ச.வெ. இராமன். அரசாங்க நிதித்துறையில் உயர்ந்த பதவி, உறுதியான சம்பளம். 1917இல் அதை உதறிவிட்டு, குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1921இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். வழியில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரைக் கேள்வி கேட்க வைத்தது. அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சி 1928 பிப்ரவரி 28இல் கண்டுபிடிப்பாக மலர்ந்தது. 1930இல் நோபல் பரிசு வந்தது. கடலைப் பார்ப்பதே பாவம் என்று அவர் கரையில் நின்றிருந்தால், கடல் ஏன் நீலம் என்று யார் கேட்டிருப்பார்?

இராமனுக்கு அப்போது வயது இருபத்தெட்டு என்பீர்கள். சரி, நாற்பது வயதுக்குச் சான்று வேண்டுமா? ஈரோட்டைப் பாருங்கள். பெரும் வணிகர், நகராட்சித் தலைவர், செல்வம், செல்வாக்கு யாவும் உடையவர் ஒருவர், 1919இல் பதவியைத் துறந்து பொதுத்தொண்டுக்கு வந்தார். 1879இல் பிறந்த அவருக்கு அப்போது வயது நாற்பது. 1929 டிசம்பரில் மலாயாவுக்குச் சென்றார்; 1931 டிசம்பரில், ஐம்பத்திரண்டாம் வயதில், ஐரோப்பாவைக் காணக் கப்பலேறினார். ‘இந்த வயதில் இது எதற்கு?’ என்று அவர் தம்மைத்தாமே கேட்டுக்கொண்டு மஞ்சள் மண்டியிலேயே உட்கார்ந்திருந்தால், தந்தை பெரியார் என்று ஒருவர் நமக்குக் கிடைத்திருப்பாரா?

ஆகவே மாறுவது தவறன்று. மாறும் ஆற்றலே மனிதனின் சிறப்பு. வாதம் இத்துடன் முடிந்துவிட்டால் எளிது. முடியவில்லை, தோழர்களே! மாற்றம் எல்லாம் விடுதலையும் அன்று.

பொன்மலையை அறிவீர்கள். தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து 1928இல் அங்கே வந்தது. இயந்திரங்கள் வந்தன, எல்லாத் தொழிலாளரும் வந்தார்களா? ஆட்குறைப்பு என்ற அரிவாள் ஆயிரக்கணக்கானோர் தலைமேல் தொங்கியது. அவ்வாண்டு ஜூலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. முன்னின்ற சிங்காரவேலர் சிறை சென்றார். பாதி வாழ்நாளை உலைக்களத்தில் செலவிட்டவனை ஒரே நாளில் ‘வேறு வேலை பார்’ என்று வெளியே தள்ளுவதும் தொழில் மாற்றம்தான். அதற்கு விடுதலை என்று பெயரிட முடியுமா?

1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். இலங்கையின் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று கணக்கு முடித்தனர். தேயிலைக் கொழுந்து பறித்துப் பறித்துக் காய்ப்பேறிய கைகள், பாட்டன் பிறந்த ஊரின் பெயரைக்கூட மறந்துவிட்ட மக்கள், கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டனர். அவர்களை ‘நாற்பதில் நாடு மாறலாமா?’ என்று கேட்டவர் உண்டா? கணக்கில் எண்ணாகி வந்தவர்களிடம் எவரும் கருத்துக் கேட்பதில்லை.

இன்றைய திருச்சியில் ஒரு காட்சி உண்டு. 2024 சனவரியில் புதிய முனையம் திறக்கப்பட்ட பன்னாட்டு விமான நிலையம் ஒருபுறம்; அதற்கு அருகே கொட்டப்பட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் மறுபுறம். 1983க்குப் பின் நெருப்புக்குத் தப்பி வந்தவர்களின் குடும்பங்கள் அப்படிப்பட்ட முகாம்களில் தலைமுறை தாண்டியும் வாழ்கின்றன. முகாமில் பிறந்த பிள்ளை பட்டம் பெறுகிறான். குடியுரிமை இல்லை, ஆகவே அரசு வேலை இல்லை. கடவுச்சீட்டு இல்லை, ஆகவே அயல்நாட்டு வேலையும் இல்லை. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோரை எண்ணிற்று. இலங்கையிலிருந்து வந்த தமிழனை எண்ணவில்லை. தலைக்கு மேலே நாள்தோறும் விமானம் பறக்கிறது. கீழே இருப்பவன் அண்ணாந்து பார்க்கலாம், ஏற முடியாது.

இப்போது முதற்கேள்வியைத் திருத்திக் கேட்போம். நாற்பதில் மாறலாமா என்பதன்று கேள்வி. யாரால் மாற முடிகிறது, யாரால் முடியவில்லை என்பதே கேள்வி. திருவரங்கத்து மாடியிலிருந்து ஒரு பொறியாளர் நாற்பத்தைந்தாம் வயதில் கனடாவுக்குப் போகிறார், வாழ்க! கடல் தாண்டாதே என்ற விதிக்கு மிகவும் கட்டுப்பட வேண்டியிருந்த குடும்பங்களே முதலில் கடல் தாண்டின. அதற்காக நாம் அவர்களைப் பழிக்கவில்லை. ஏட்டை மூடிவிட்டு அறிவைத் திறந்தார்கள், நன்று. ஆனால் அதே ஊரின் சாக்கடையில் இறங்கும் தோழன் நாற்பத்தைந்தாம் வயதில் வேறு என்ன ஆக முடிகிறது? மனிதக் கழிவை மனிதன் அகற்றுவதை 1993ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமையாகத் தடுத்து, மறுவாழ்வும் தருவோம் என்றது. இருந்தும் நச்சுக் காற்றில் மாண்டவர் செய்தி ஓயவில்லை. அவனைத் தடுப்பது வயதா? சாதி! அவன் தந்தையும் அதே தொழில், பாட்டனும் அதே தொழில்.

ஏணியின் மறுமுனையைப் பாருங்கள். திருவரங்கத்து வைணவ அர்ச்சகர் பயிற்சிப் பள்ளி உட்படத் தமிழ்நாட்டில் ஆறு பள்ளிகள் 2007இல் எல்லாச் சாதியாரையும் பயிற்றுவித்தன. இருநூறுக்கும் மேற்பட்டோர் தேறினர். வாலிபத்தில் தேறியவர்களுள் பெரும்பாலோர் வழக்கையும் வாயிலையும் பார்த்துக்கொண்டு காத்துக்கிடந்தனர். 2021 ஆகஸ்டு 14இல்தான் அவர்களில் 24 பேருக்குப் பணியாணை கிடைத்தது. கடவுளை நம்பாத நாம் இதில் ஏன் அக்கறை கொள்கிறோம்? பிறப்பால் பூட்டப்பட்ட தொழில் ஒன்று இருக்கும்வரை, மற்றத் தொழில்களின் பூட்டும் முழுதாகத் திறவாது என்பதால்!

‘ஊர் சோறு போட்டுப் படிக்க வைத்தது, அதை விட்டுப் போவது நன்றி மறப்பதாகாதா?’ என்று நேர்மையாகக் கேட்போரும் உண்டு. அக்கேள்வியை நாம் ஒதுக்கக்கூடாது. இடஒதுக்கீட்டால், இலவசக் கல்வியால், பொதுமக்கள் வரிப்பணத்தால் உயர்ந்தவனுக்குக் கடன் உண்டு. ஆனால் அக்கடன் கால் விலங்கன்று. எங்கிருந்தும் தீர்க்கத் தக்கது. சிங்கப்பூரில் குடியேறிய கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசைத் தொடங்கி, சீர்திருத்தத்தை அங்கே வளர்த்தார். ஊரை விட்டார், கொள்கையை விடவில்லை.

விடக்கூடாதது அது என்றால், விட்டுவிட்டுப் போக வேண்டியதும் ஒன்று உண்டு: சாதி. அமெரிக்காவின் சியாட்டில் மாநகர மன்றம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டுக்குத் தடை விதித்தது. அந்நாட்டில் அப்படிச் செய்த முதல் நகரம் அது. ஏன் செய்ய நேர்ந்தது? நம்மவர் பெட்டியில் ஊறுகாயோடு சாதியையும் அடைத்துச் சென்றதால்! தொழில் மாறி, நாடு மாறி, குளிருக்கேற்ப உடையும் மாறி, உள்ளம் மட்டும் அக்கிரகாரத்திலும் ஊர்த்தெருவிலும் நிற்குமானால், அவன் பயணம் செய்தவனல்லன், இறக்குமதியான சரக்கு.

இன்னொன்று. மாறும் உரிமை கணவனுக்கு மட்டும் உரியதா? ‘நான் போகிறேன், நீ மாமியாரைப் பார்த்துக்கொள்’ என்று மனைவியை ஊர்க்காவலுக்கு வைத்துவிட்டுப் போவது எந்தச் சமத்துவம்? நாற்பது வயதுப் பெண்ணுக்கும் படிக்க, பணி மாற, பயணம் போக உரிமை உண்டு. வீட்டை அடகு வைக்குமுன் அவள் ஒப்புதல் வேண்டும். ஆள் சேர்க்கும் முகவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் கோரும் பதிவு பெற்றவர்தாமா என்று விசாரிப்பதும் வேண்டும். சோதிடனிடம் சாதகத்தை நீட்டுவதைவிட அது பயன்தரும் வேலை.

பகுத்தறிவுத் தோழர்களே! உங்கள் தெருவில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் மாற விரும்பினால், ‘இந்த வயதிலா?’ என்று கேட்கும் கூட்டத்தில் சேராதீர்கள். விண்ணப்பம் எழுத, புதுத் தொழில் பயில, புது மொழி கற்கத் துணை நில்லுங்கள். மாற முடியாமல் முடங்கிக் கிடப்பவரைக் கண்டால், அவர் காலைக் கட்டியிருக்கும் கயிறு எது என்று பாருங்கள்: சாதியா, சட்டமா, வறுமையா? கயிற்றின் பெயரை உரக்கச் சொல்லுங்கள். அறுக்கக் கை கொடுங்கள். கொட்டப்பட்டுத் தோழனுக்குக் குடியுரிமையும், சாக்கடைத் தோழனுக்கு வேறு வேலையும் கிடைக்கும் நாளில்தான், ‘எவரும் எதுவும் ஆகலாம், எங்கும் வாழலாம்’ என்று நாம் சொல்லும் சொல் உண்மையாகும். அதுவரை நமக்கு ஓய்வு இல்லை.