இல்லை என்றவரும் அவனுடையவரே

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

சென்ற ஆனி மாதம், சாரல் தொடங்கிய நாள்களில், சுரண்டையில் ஓர் அன்பர் இல்லத்தில் திருவாய்மொழி முதல் பத்தின் உபந்யாஸம் நடந்தது. சாற்றுமுறை ஆகி, தீர்த்தப் பிரசாதம் பெற்று எல்லோரும் விடைபெற்ற பின், ஒரு பெண்மணி மட்டும் தயங்கி நின்றார். “சாமி, ஒன்று கேட்கலாமா?” என்றார். “கேளுங்கள் அம்மா” என்றேன்.

“எங்கள் அப்பா இங்கே காய்கறிக் கமிஷன் கடை வைத்திருந்தார். மூன்று மாதத்துக்கு முன் காலமானார். பெரியார் வழி நின்றவர். கோயில் வாசல் மிதித்ததில்லை. ஆனால் எடையில் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. கடை வாசலில் எப்போதும் ஒரு தண்ணீர்ப் பானை வைத்திருப்பார். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நவதிருப்பதிக்குப் போகிற வண்டிகள் அங்கே நின்று நீர் அருந்திப் போகும். ‘கும்பிடுகிறவனுக்கும் கும்பிடாதவனுக்கும் தாகம் ஒன்றுதானே’ என்பார். பகவானை அறியாத பிறவி வீண் என்று இன்று சொன்னீர்கள். அப்பாவின் வாழ்க்கை வீண்தானா, சாமி?”

அன்று சுருக்கமாகவே விடை கூற இயன்றது. அதை இங்கே சற்று விரித்து விண்ணப்பிக்கிறேன்.

முதலில் ஆழ்வார் திருவுள்ளத்தைப் பார்ப்போம். திருவாய்மொழி முதல் பதிகத்தின் ஒன்பதாம் பாசுரத்தை, எல்லாம் சூனியம் என்பாரை நோக்கி அருளியதாகப் பூர்வாசார்யர்கள் நிர்வஹித்தார்கள். உண்டு என்றாலும் இல்லை என்றாலும், அவ்விரு சொற்களும் எம்பெருமானுடைய இருப்பையே காட்டி நிற்கும் என்பது அதன் தேர்ந்த பொருள். ‘குடம் இல்லை’ என்றால் என்ன பொருள்? இவ்விடத்தில் இல்லை, இக்காலத்தில் இல்லை, இவ்வடிவில் இல்லை என்பதே. இன்மை என்பதும் உள்ள ஒரு பொருளைப் பற்றியே பேசப்படும். ஆகவே இல்லை என்று மறுப்பவருடைய சொல்லும் அவனை விட்டு விலகி நிற்க இடமில்லை. அடுத்த பாசுரமோ, கடல்நீரின் ஒவ்வொரு துளியிலும், அண்டம் முழுதும் நிறைந்திருப்பது போலவே அவன் நெருக்கமின்றி நிறைந்திருப்பதை அநுபவிக்கிறது. அப்படியானால் சுரண்டைக் கடை வாசலில் இருந்த பானை நீரில் மட்டும் அவன் இல்லாமற் போவானோ?

இனி நம் ஸம்பிரதாயத்தில் வழங்கும் கதை ஒன்று. ஒரு வணிகன், மனைவி கருவுற்றிருக்கையில் பொருளீட்டக் கடல் கடந்து போனான். மகன் பிறந்து வளர்ந்து, அவனும் வணிகனாகி வெளிதேசம் போனான். இருவரும் ஒரே துறையில் சரக்கோடு வந்திறங்கினர். ஒரே பண்டகசாலையில் இடம் பிடிப்பதில் ஒருவரையொருவர் கைகலக்கும் அளவுக்குப் பூசல் மூண்டது. இருவரையும் அறிந்த ஒருவர் இடைபுகுந்து, “இவன் உன் மகன், இவர் உன் தகப்பனார்” என்றார். அந்தக் கணமே பூசல் ஒழிந்து இருவரும் தழுவிக்கொண்டனர்.

இங்கே ஊன்றி நோக்க வேண்டியது ஒன்று. இடைபுகுந்தவர் அந்த உறவை உண்டாக்கவில்லை, அறிவித்தார். பூசலிட்ட போதும் அவன் மகனே. அதுபோல, சேஷத்வம் நம் நம்பிக்கையால் பிறப்பதன்று. ஆத்மாவின் ஸ்வரூபமாய் என்றும் உள்ளது. வாழ்வுக்குப் பொருள் தருவது அந்த ஸம்பந்தமே. நம்பாதவர் அதை அறியாதிருக்கலாம், இழந்தவர் ஆகார்.

அறியாமைக்குக் காரணம் எப்போதும் அவர்களிடமே இருப்பதுமன்று. ஈ.வெ. ராமசாமி 1879இல் ஈரோட்டில் பிறந்தது வைணவப் பற்று மிக்க குடும்பத்திலே. பாகவதர்களை உபசரித்த இல்லம் அது. இளமையில் காசிக்குச் சென்ற அவர், ஒரு சத்திரத்தில் சாதி காரணமாக உணவு மறுக்கப்பட்டுப் பசியோடு வெளியேற்றப்பட்டார் என்று அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர். 1924இல் வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லோரும் நடக்க வேண்டும் என்று போராடி இருமுறை சிறை சென்றார். அவருடைய நிரீச்வர வாதத்தை நாம் ஏற்க இயலாது. ஆயினும், ஆசையுடையார்க்கெல்லாம் திருக்கோட்டியூரில் அர்த்தத்தை வழங்கிய எம்பெருமானாரின் அடியார்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாம், பகவானின் பெயரால் கதவடைத்தவர்கள் யார் என்று கேட்டுக்கொள்ளாமல் அவரை மட்டும் குறைகூறுதல் தகுமோ?

பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசநபூஷணத்தில் எம்பெருமானுடைய க்ருபையின் ஒரு விந்தையைக் காட்டுகிறார். சேதநன் அறியாமலே செய்தவற்றையும் நன்மையாக அவன் கணக்கிடுகிறானாம். என் ஊர்ப் பெயரைச் சொன்னான், என் அடியாருடைய விடாயைத் தீர்த்தான், அவர்கள் ஒதுங்க நிழல் கொடுத்தான் என்று அவனே சாக்குத் தேடுகிறான். தற்செயலாய் நேர்ந்தது யாத்ருச்சிகம். பேச்சினூடே வந்தது ப்ராஸங்கிகம். வேறொன்றைச் செய்கையில் உடன் நிகழ்ந்தது ஆநுஷங்கிகம். இவை அஜ்ஞாத ஸுக்ருதங்கள். சூதாடுவதற்குக் கட்டிய திண்ணையில் பாகவதர்கள் மழைக்கு ஒதுங்கினால், அதையும் அவன் விடுவதில்லை என்பர் பெரியோர். சூதாடத் திண்ணை கட்டினவனுக்கே அப்படியென்றால், தாகம் தீர்க்கவென்றே பானை வைத்தவரின் செயலை அவன் எழுதாது விடுவானோ?

அப்படியாயின் நம்பிக்கை எதற்கு என்று கேட்கலாம். மகன் என்று அறியாதவனும் அதே பண்டகசாலையில் உழைக்கிறான். ஆனால் தகப்பனாரின் அணைப்பு அவனுக்குக் கிட்டவில்லை. அதுவே இழவு. நல்லது செய்யும்போது இது யாருக்குக் கைங்கர்யம் என்று அறிந்து செய்வதில் உள்ள இனிமை, அந்தத் தந்தைக்கு இங்கே வாய்க்கவில்லை. அதற்காக நாம் இரங்கலாம். அவரைப் பழிக்க நமக்கு அதிகாரம் இல்லை. உண்மையில் அஞ்ச வேண்டியவர்கள் நாமே. நாவால் உண்டு என்று சொல்லி, ‘நான், எனது’ என்றே நாளைக் கழிப்போமாகில், அந்த நாஸ்திகம் அவருடையதைவிடக் கொடிது. அறிந்தும் உறவை மறுப்பதன்றோ அது!

குற்றாலத்தில் வீழும் நீர் சிற்றாறாகத் தென்காசி வழியே ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, ஆழ்வார் எழுந்தருளியிருக்கும் திருக்குருகூரை அடைகிறது. எங்கே போகிறோம் என்று அந்த நீர் அறியாது. வழியில் வயலை நனைக்கிறது, தாகம் தீர்க்கிறது. போய்ச் சேருமிடம் அவன் ஸங்கல்பத்தில் இருக்கிறது.

“அப்பாவின் வாழ்க்கை வீண் இல்லை அம்மா. அந்தப் பானையை எடுத்துவிடாதீர்கள். அவர் அறியாமல் செய்த கைங்கர்யத்தை நீங்கள் அறிந்து செய்யுங்கள்” என்று அன்று விண்ணப்பித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பானை இன்னும் அங்கேதான் இருக்கிறது சாமி” என்றார்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.