பெயரும் உரிமையும்

ஒரு குழுவின் உறுப்பினர் ஒருவர்பின் ஒருவராக மாறிய பின்னரும் அதனை அதே குழுவென வழங்குதல் தகுமா? தத்துவ நூலார் நெடுங்காலம் ஆராய்ந்த இவ்வினா, இசைக்குழுக்களின் வரலாற்றில் ஒழுக்கவியல் வினாவாகவும் வடிவெடுக்கின்றது. ஒரு பெயரைத் தாங்கி மேடையேறுவோர் அப்பெயருக்கு உரியவர்தாமா என்பதே அது.

பாமன்கடைக்கு அயலிலுள்ள பம்பலப்பிட்டி புனித பீற்றர் கல்லூரியின் மாணவர் சுனில் பெரேரா. அவர் தந்தையார் அன்ரன் பெரேரா 1960களில் தோற்றுவித்த ஜிப்சீஸ் குழு, பைலா இசையோடு சமூக அங்கதத்தையும் இணைத்துப் புகழீட்டியது. 2021 செப்டெம்பரில் சுனில் மறைந்தபோது, அவர் குரலையே குழுவெனக் கருதியிருந்தோர் திகைத்தனர். ஆயினும் இளவல் பியல் பெரேராவின் தலைமையில் குழு தொடர்ந்தது. அதற்கு இரு வாரங்களுக்கு முன்னரே பிரித்தானியாவின் றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவும் தன் மத்தளக்காரர் சாளி வாட்சை இழந்திருந்தது. 1962 இல் இலண்டனில் தோன்றிய அக்குழுவின் தொடக்ககாலத்தவருள் இன்று மிக் ஜாகரும் கீத் றிச்சட்சுமே அதில் எஞ்சியுள்ளனர்.

இவ்விடத்து, மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் கூறிய விளக்குவமை நினையத்தக்கது. இரவின் முதற் சாமத்துச் சுடரும் கடைச் சாமத்துச் சுடரும் ஒன்றல்ல. ஆயினும் அவை தொடர்பற்ற இரு சுடர்களும் அல்ல. முன்னதைப் பற்றியே பின்னது எரிகின்றது. எனவே, ஒருமைப்பாடு உறுப்புகளில் அன்று, கையளித்தலிலேயே தங்கியுள்ளது எனலாம்.

கையளித்தல் இல்லாதவிடத்து நேர்வதென்ன என்பதை 1974 இல் பிளீற்வூட் மக் குழுவுக்கு நேர்ந்தது காட்டும். பெயர் தமக்கே உரியதென வாதிட்ட அதன் முகாமையாளர், முற்றிலும் வேறான கலைஞரை அப்பெயரில் அமெரிக்காவுக்கு அனுப்பினார். பிணக்கு நீதிமன்றம்வரை சென்றது. அக்கலைஞர் திறமையற்றவர் என்பதன்று குறை. முன்னவரிடம் அவர் எதனையும் பெற்றிலர், கேட்போரோ பெற்றதாக நம்பவைக்கப்பட்டனர். இதற்கு மாறாக, 1975 இல் லின்ட்சி பக்கிங்காமும் ஸ்ரீவி நிக்சும் இணைந்தபின் உண்மைக் குழுவின் இசையே பெரிதும் மாறிற்று. எனினும் பெயருக்குக் காரணரான மிக் பிளீற்வூட்டும் ஜோன் மக்வீயும் அவர்களை வரவேற்று உடன் வாசித்தனர். ஆதலின் அங்கு வஞ்சனை இல்லை. ஓசை மாறியும் உரிமை நின்றது.

அங்ஙனமாயின், விலக்கப்பட்டவரின் நிலை யாது? றோலிங் ஸ்ரோன்ஸைத் தோற்றுவித்தவருள் முதன்மையானவர் பிரையன் ஜோன்ஸ். அவர் 1969 யூனில் விலக்கப்பட்டார். யூலை 3 இல் இறந்தார். இரு நாளின் பின் இலண்டன் ஹைட் பூங்காவில், புதிதாய் இணைந்த மிக் ரெய்லருடன் நடத்திய கச்சேரியை நண்பர்கள் அவருக்கு நினைவாஞ்சலியாக்கினர். அவரை விலக்கியதற்கு நியாயமிருக்கலாம். ஆனால் அவ்வஞ்சலியோடு கடன் தீர்ந்துவிடுமா? தீராது என்றே கொள்ளல் வேண்டும். 'அன்றைய குழு நாமே' என்று புகழுக்கு உரிமை கோருவோர், 'அன்று விலக்கியவர் நாமல்லர்' என்று பின்னொருநாள் ஒதுங்குதல் இயலாது. பெயர் ஒன்றாயின் கடனும் ஒன்றே.

இஃது இசைக்குழுவுக்கு மட்டும் உரியதன்று. ஆண்டுதோறும் புதியோர் புகுந்து பழையோர் நீங்கும் மாணவர் மன்றங்கள் யாவற்றுக்கும் பொருந்தும். முன்னோர் தேடிய பெருமையை ஏற்பவர், அவர் செய்யாது விட்டதையும் தவறிச் செய்ததையும் சேர்த்தே ஏற்கின்றனர்.