வவுச்சர் இல்லாத எலும்பு

தாம்பரத்தில் ஃபிளாட் வாங்கிக் குடிபோனபோது, பழைய வீட்டுப் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கியது. உள்ளே அப்பாவின் கணக்கு நோட்டுகள். பால், மளிகை, கைமாற்று என்று முப்பது வருடத்து வரவு செலவு. ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று பால்கனியில் வைத்தேன். ஐப்பசி மழைக்கு அப்புறம்தான் பார்த்தேன். பெட்டிக்குள் காகிதக் கூழ்தான் இருந்தது.

“அவர் போயி பன்னெண்டு வருஷம் பரண்ல பத்திரமா இருந்துச்சு. நீ கையில எடுத்தப்புறம்தான்டா போச்சு” என்றாள் அம்மா.

அடுத்த மாதமே பம்மலிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். “தம்பி, உங்கப்பா என்கிட்ட எட்டாயிரம் கைமாத்து வாங்கியிருந்தார். நானும் கேக்காமலே இருந்துட்டேன். இப்ப பேத்திக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும். நோட்டுல எழுதியிருப்பார், பாருங்களேன்” என்றார்.

நான் பி.காம். படித்தவன். வவுச்சர் இல்லாமல் எண்ட்ரி போடக்கூடாது என்பது எனக்குப் பாலபாடம். “ரெண்டு நாள் டைம் குடுங்க” என்று சொல்லி அனுப்பினேன். அந்த இரண்டு நாளும் என் மண்டைக்குள் ஓடியது, அரியலூர்ப் பக்கம் கிடைத்த ஒரு டைனோசர் எலும்பு. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

தாம்பரத்தில் திருச்சி ரயில் ஏறினால் விழுப்புரம், விருத்தாசலம் தாண்டி அரியலூர். சிமென்ட் ஊர். அந்தச் சிமென்ட்டுக்கான சுண்ணாம்புக்கல், அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தபோது வாழ்ந்த சிப்பிகளின் மிச்சம். நம் புறநகர் ஃபிளாட்டுகளின் சுவரில்கூட அந்தக் கடல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கலாம். சிப்பிப் பாறைக்கு மேலே, கடல் பின்வாங்கிய பிறகு ஆறுகள் கொண்டுவந்து போட்ட மணலும் களிமண்ணும் ஓர் அடுக்காக இருக்கின்றன. அதற்குக் கல்லமேடு என்ற கிராமத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். டைனோசர் எலும்புகள் கிடைத்தது இந்த அடுக்கில்.

வயதை எப்படிச் சொல்கிறார்கள்? வீட்டில் அடுக்கி வைக்கும் பழைய பேப்பர் மாதிரிதான். பழசு அடியில், புதுசு மேலே. அடியில் இருக்கும் கடல் உயிரினங்கள் எந்தக் காலத்தவை என்பது, மற்ற நாட்டுப் பாறைகளோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் தெரியும். மேலே இருப்பது, டைனோசர்கள் அழிந்த பிறகு திரும்பி வந்த கடலின் அடுக்கு. நடுவில் மாட்டிக்கொண்டது கல்லமேடு. ஆக, டைனோசர் கதையின் கடைசி அத்தியாயம். சுமார் 7 கோடி வருடம்.

1987இல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு புவியியல் ஆய்வாளர்கள், கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளைப் பற்றி எழுதினார்கள். முழங்காலுக்குக் கீழே இருக்கும் ஓர் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம். அதன் பக்கத்தில் ஆறடி ஆளை நிறுத்தினால் அவர்தான் குள்ளம். ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பிரம்மாண்ட உடம்புக்காரன் என்று அர்த்தம். முதலில் மாமிசம் தின்னும் வகை என்றார்கள். பிறகு வந்தவர்கள், நீண்ட கழுத்தோடு இலை தழை தின்ற வகை என்று திருத்தினார்கள். எடை 110 டன்னுக்கு மேல் இருந்திருக்கலாம் என்று 2023இல் ஒரு கணக்கு வந்தது. அது சரியென்றால், தரையில் நடந்த எந்த மிருகமும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

சரியென்றால்!

ஏனென்றால், அந்த எலும்பு இப்போது இல்லை. களிமண்ணில் இற்றுப்போய்க் கிடந்த எலும்பு, வெளியே எடுத்த பிறகு மழையிலும் ஈரத்திலும் நொறுங்கிப் போய்விட்டது. மிச்சம் இருப்பது சில படங்களும் அளவுகளும்தான். ‘எலும்புதானா, கல்லாகிப்போன மரமா?’ என்று கேட்டவர்களும் உண்டு. 2022இல் பழைய புகைப்படங்கள் வெளியாகி, எலும்புதான் என்ற கட்சிக்குக் கொஞ்சம் பலம் சேர்ந்தது. ஆனால் எடுத்துக் காட்ட எதுவும் இல்லை. 7 கோடி வருடம் மண் பத்திரமாக வைத்திருந்ததை, மனுஷன் கையில் வந்த பிறகு சில வருடம்கூட வைத்திருக்க முடியவில்லை. அம்மாவின் அதே டயலாக்!

‘உலகத்திலேயே பெரிய டைனோசர் நம்ம அரியலூர்க்காரன்’ என்று மார்தட்ட எனக்கும் ஆசைதான். ஆசைக்கு என்ன குறைச்சல்? 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டை உருண்டையாகக் கல் கிடைத்ததும், ‘டைனோசர் முட்டை’ என்று ஊரெல்லாம் பேசியது. அம்மோனைட் என்ற கடல் உயிரினத்தைச் சுற்றிப் படிந்த கற்கள் என்று நிபுணர்கள் சொன்ன பிறகுதான் அடங்கியது. ஆனால் நம் எலும்பு விஷயத்தில் உலகம் இன்னும் பட்டத்தைக் கொடுக்கவில்லை. கொடுக்காதது நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. சாட்சியைப் பத்திரப்படுத்தாமல் விட்டவன், சந்தேகத்தின் பலனை எனக்குக் கொடு என்று கேட்கலாமா?

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. பெரியவர் விஷயத்தில் நான் கேட்க நினைத்தது அதைத்தானே? நோட்டு இல்லை, அதனால் கடனும் இல்லை. நோட்டைக் கூழாக்கியது யார்? நான். தப்பு என்னுடையது, நஷ்டம் மட்டும் அவருக்கா?

அப்படியானால் வந்து கேட்கிறவருக்கெல்லாம் எடுத்து நீட்டுவதா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. ஆனால் பொய்க் கணக்கு சொல்ல வந்தவர், ‘நோட்டைப் பாருங்க’ என்று அவராகவே சொல்வாரா? சாட்சியைத் தேடச் சொல்கிறவர் பெரும்பாலும் உண்மைக்குப் பயப்படாதவர். ஒருவேளை அவர் பொய்யே சொல்லியிருந்தாலும், அதைக் கண்டுபிடிக்கிற வழியை அடைத்தவன் நான்.

மூன்றாம் நாள் பம்மலுக்குப் போய்ப் பணத்தைக் கொடுத்தேன். நிதானமாக எண்ணி வாங்கிக்கொண்டார்.

“நோட்டுல இருந்துச்சா தம்பி?”

“நோட்டு என் கையிலதாங்கய்யா இருந்துச்சு” என்றேன்.